பதினேழு வராத நாள்கள்

மே 9, வெள்ளி

அம்மா தூங்கிவிட்டாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து போன வருடக் கணக்கு நோட்டில் எழுதுகிறேன். பின்பக்கம் இருபது தாளாவது மிச்சம் இருக்கிறது. கணக்கு நோட்டை எடுத்துப் பார்க்க இந்த வீட்டில் யாருக்கும் தோன்றாது. பார்த்துவிட்டால் நான் தொலைந்தேன். போன் டார்ச்சைத் துணியால் மூடி வைத்திருக்கிறேன்.

இன்று கடலில் நடந்ததை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து வசுமதி மிஸ் எங்கள் ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி எத்தனை டால்பின் இருக்கிறது என்று கணக்கெடுக்கிறார். எங்கள் கரையில் டால்பினை ஓங்கில் என்போம். படகில் மிஸ் இடப்பக்கம் பார்ப்பார். அவருடைய மாணவி துளசிமணி அக்கா வலப்பக்கம் பார்ப்பாள். களஞ்சியம் அண்ணன் படகு ஓட்டுவார். அவர்கள் சொல்வதைத் தாளில் எழுதுவது என் வேலை. மணி, இடம், காற்று, கடல் நிலை, எத்தனை ஓங்கில், அதில் குட்டி எத்தனை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அறிவியல் டீச்சர் சொல்லித்தான் விடுமுறைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஒன்பதாவது முடித்திருக்கிறேன்.

ஒன்றுமே தென்படாத நாளில் பூஜ்யம் போட வேண்டும். பூஜ்யமும் ஒரு தகவல்தான் என்பார் மிஸ். களஞ்சியம் அண்ணன் என்னை ரைட்டரம்மா என்று கூப்பிடுவார். “ரைட்டரம்மா, பூஜ்யத்த நல்லா வட்டமாப் போடுங்க. கோழி முட்டை மாதிரி போட்டீங்கன்னா கவர்மெண்ட் ஒத்துக்காது.”

ஓங்கில் மேலே வரும்போது முதுகுத் துடுப்பைப் படம் எடுப்பார்கள். ஒவ்வொன்றின் துடுப்பிலும் வெட்டும் பள்ளமும் வேறு வேறு மாதிரி இருக்கும். அதை வைத்து எண் கொடுப்பார்கள். பதினேழுக்குத் துடுப்பின் பின்னால் இரண்டு வெட்டு, நுனி கொஞ்சம் வெள்ளை. அதற்கு ஒரு குட்டி உண்டு. மனோலித் தீவுக்குத் தெற்கே ஐந்து நாளாக அந்தக் கூட்டத்தைப் பார்த்தோம்.

இன்று கூட்டம் வந்தது. குட்டியும் வந்தது. பதினேழு வரவில்லை. குட்டி ஒவ்வொரு பெரிய ஓங்கிலின் பக்கத்திலும் போய் ஒட்டிப் பார்த்தது. அவை விலகிப் போயின.

“அம்மாக்காரி இரை தேடிக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். நாளைக்கு வரும்” என்றார் மிஸ்.

நான் எழுதினேன்: கூட்டத்தில் 6. குட்டி 1. பதினேழு இல்லை.

எனக்கு ஒன்றும் தெரியாது. வயிறு சரியில்லாததால்தான் தூக்கம் வரவில்லை.

மே 10, சனி

இன்றும் வரவில்லை. கடல் நிலை 2. தலைவலி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன்.

மே 11, ஞாயிறு

காலையில் பூசைக்குப் போனோம். நான் நற்கருணை அப்பம் வாங்க எழுந்திருக்கவில்லை. அம்மா கோவிலை விட்டு வெளியே வந்ததும், “ஏண்டி, எந்திரிக்கல?” என்று கேட்டாள். காலையில் காப்பி குடித்துவிட்டேன், அப்படி வாங்கக் கூடாதே என்றேன். பொய்.

மதியம் பாத்திரம் விளக்கினேன். இரண்டு குடம் நல்ல தண்ணீர் பிடித்தேன். சீருடைப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கினேன். மாமா வலையை வீட்டுக்குப் பின்னால் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். எப்போதும் கரையில் நாலு பேரோடு பேசிக்கொண்டுதான் தைப்பார். வலையில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிசல். விளிம்பு நேராக இருந்தது. கத்தியால் அறுத்தது.

நேற்று முன்தினம் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினேன். அது உண்மை இல்லை. யாரும் படிக்காத நோட்டில்கூட நான் பொய் எழுதியிருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து நானும் அம்மாவும் மாமா வீட்டில் இருக்கிறோம். இன்னாசி மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தமாக ஒரு வத்தை வைத்துத் தனியாக மீன் பிடிக்கப் போவார். சின்னப் படகுதான். மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது வத்தைக்காரர்களுக்கு நல்ல மீன்பாடு கிடைக்கும் என்பார்கள். இந்த வருடம் மாமாவுக்குப் பத்து நாளாக ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மா ரசமும் துவையலுமாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

கணக்கெடுப்பில் சேர்ந்த முதல் நாளே மிஸ் ஒரு கட்டளை போட்டார். ஓங்கிலை எங்கே பார்த்தோம் என்பதைக் கரையில் ஒருவரிடமும் சொல்லக் கூடாது. ஓங்கில் மேயும் இடத்தில் மீன் இருக்கும். அது தெரிந்தால் வலை வந்துவிடும். தீவை ஒட்டி வலை போடவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. அது மாமாவுக்கும் தெரியும்.

ஆனால் எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மீன் கிடக்கும் இடத்தைச் சொன்னவருக்குப் பிடித்து வந்ததில் முதல் மீனைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அது கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான். பெண்கள் யாரும் வாங்கியதில்லை. பெண்கள் கடலுக்குப் போவதில்லை. நான் போகிறேன்.

ஆறாம் தேதி சாயங்காலம் மாமா கட்டிலில் படுத்தபடி கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

“என்ன மருமகளே, ஓங்கிலுக்கெல்லாம் நம்பர் போட்டு அட்டென்டன்ஸ் எடுக்கிறீங்களாமே. வராத ஓங்கில் லீவு லெட்டர் குடுக்குமா?”

“சிரிக்காதீங்க மாமா. நீங்க பத்து நாளாத் தேடுற மீன நான் தெனமும் பாத்துக்கிட்டு வாரேன்.”

“பாத்தியா?”

“தண்ணி கொதிக்கிற மாதிரி துள்ளுது. அத்தனையும் பாரை.”

மாமா எழுந்து உட்கார்ந்தார். எங்கே என்று கேட்கவில்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவர் கேட்கவில்லை. அவருடைய ஜி.பி.எஸ். பெட்டி ஆணியில் தொங்கியது. நான்தான் அதை எடுத்தேன். தாளில் எழுதிய எண்கள் எனக்கு மனப்பாடம். என் விரலால் அழுத்திப் பதிந்து கொடுத்தேன்.

“பெரிய ஆளு ஆயிட்டா ஒம் பொண்ணு” என்று மாமா அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரித்தாள்.

ஏழாம் தேதி விடியற்காலை வத்தை நிறையப் பாரை வந்தது. மாமா ஒரு பெரிய பாரையைத் தென்னை ஓலையில் தனியாக வைத்து, “இது எங்க வீட்டு மாலுமிக்கு” என்று வீடே கேட்கும்படி கத்தினார். அம்மா குழம்பு வைத்தாள். தலைத்துண்டை எனக்கு வைத்தாள். நான் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

எட்டாம் தேதி இரவு மாமா திரும்பவும் போனார். ஒன்பதாம் தேதி விடியும்போது மீன் இல்லாமல், அறுத்த வலையோடு வந்தார். காப்பியைக் குடிக்காமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு படுத்தார்.

நான் எதுவும் கேட்கவில்லை.

மே 13, செவ்வாய்

பதினேழு வந்துவிட்டது.

முயல் தீவின் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. களஞ்சியம் அண்ணன்தான் முதலில் பார்த்தார். பறவை உட்கார்ந்திருக்கிறது என்று படகைத் திருப்பினார். கிட்டப் போனதும் நாற்றம் அடித்தது. மிஸ் துடுப்பைப் பார்த்தார். இரண்டு வெட்டு. படத்தோடு ஒப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மிஸ் அழவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு அளக்கத் தொடங்கினார். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். மூக்கின் பக்கம் நான் பிடித்தேன். இரண்டு மீட்டர் முப்பத்தாறு. உடம்பில் சதுரம் சதுரமாக வலைக் கண்ணியின் தழும்பு. வாலுக்கு மேலே ஒரு கயிறு இறுகிக் கிடந்தது. கல்லைக் கட்டி ஆழத்தில் இறக்கியிருக்கிறார்கள், கல் நழுவியதும் மிதந்து வந்துவிட்டது என்றார் மிஸ்.

பிறகு வயிற்றுப் பக்கம் இரண்டு விரலால் அழுத்தினார். வெள்ளையாக வந்தது.

“பெனிட்டா, எழுது. பால் இருக்கு.”

எழுதினேன். என் கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. கை நடுங்கக்கூட இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

களஞ்சியம் அண்ணன் குத்தவைத்து அந்தக் கயிற்றையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் டேப்பைச் சுற்றத் தொடங்கினேன்.

மே 14, புதன்

வனத்துறைக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு மிஸ் தங்கியிருக்கும் வீட்டின் முன்னறையில் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்தார்.

“அஞ்சு நாளா நாம பார்த்த அதே இடத்துல வலை போட்டிருக்காங்க. அறுந்த வலைத்துண்டு அங்க கிடைச்சிருக்கு. அந்த இடம் நம்ம நாலு பேருக்குத்தான் தெரியும்.”

துளசிமணி அக்கா ஈரோட்டுக்காரி. இங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. மிஸ் என் பக்கம் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் களஞ்சியம் அண்ணனைத்தான் பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இது தெளிவாகிற வரைக்கும் நீங்க வர வேண்டாம். வேற படகு பார்த்துக்கிறேன்.”

“நான் யாருகிட்டயும் சொல்லலம்மா.”

“நீங்க சொன்னீங்கன்னு நான் சொல்லலையே.”

“வர வேண்டாங்கிறீங்கள்ல. ரெண்டும் ஒண்ணுதான்.”

அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். நான் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே அடுக்கி வைத்திருந்ததைக் கலைத்துத் திரும்ப அடுக்கினேன்.

மே 15, வியாழன்

புதுப் படகுக்காரர் வேகமாக ஓட்டுகிறார். மிஸ் இரண்டு தடவை கண்டித்தார். குட்டி தனியாக வந்து படகின் ஓரம் ஒட்டி நீந்தியது. அரை மணி நேரம் விலகவே இல்லை.

மே 16, வெள்ளி

குட்டி இல்லை. படகு போக வேண்டிய மூன்று கோடுகளையும் முடித்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்துக்குப் போகச் சொன்னார் மிஸ். இல்லை. குட்டி என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன்.

மே 18, ஞாயிறு

அம்மா உப்பு வாங்கிவரச் சொன்னாள். வாங்கிக்கொண்டு கரை வழியாகத் திரும்பினேன். வேறு வழி இருந்தும் ஏன் அப்படி வந்தேன் என்று தெரியவில்லை. களஞ்சியம் அண்ணன் படகைக் கவிழ்த்துப் போட்டு அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“என்ன ரைட்டரம்மா, இன்னைக்கு லீவா?”

“ஞாயித்துக்கிழமண்ணே.”

“எனக்கு அஞ்சு நாளா ஞாயித்துக்கிழமதான்.”

நான் போயிருக்கலாம். நின்றேன். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

“டீக்கடைக்குப் போவ முடியல. ‘ஓங்கில வித்துத் தின்னவன் வந்துட்டான், எடம் விடுங்கடா’ங்கிறானுவ. விளையாட்டுக்குத்தான் சொல்றானுவ. அதுக்காக டீ உள்ள எறங்குமா?”

“அண்ணே...”

“கயித்து முனைய உருக்கி அதுமேல மூணு சுத்துச் சுத்துற ஆளு இந்தக் கரையில ஒருத்தன்தான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

“நீங்க ஏண்ணே சொல்லல?” என்று கேட்டேன்.

“நான் சொன்னா என்ன ஆவும்? தன்னக் காப்பாத்திக்க அடுத்தவன மாட்டிவிடுறான்னு ஆவும். நீ சொன்னா நம்புவாங்க. அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். தெனமும் அந்தம்மா வீட்டுக்குப் போற, வார. ஒரு வார்த்த வரல ஒன் வாயிலேருந்து.”

நான் அழுதேன்.

“அழுவாத. நீ அழுது எனக்கு என்ன ஆவப்போவுது? உப்பு நனையுது பாரு, எடுத்துட்டுப் போ.”

வீட்டுக்கு வந்ததும் ஏன் கண் சிவந்திருக்கிறது என்று அம்மா கேட்டாள். மணல் விழுந்தது என்றேன். எனக்கு எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது.

மே 20, செவ்வாய்

மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பயத்தில் என் குரல் கீச்சென்று வந்தது.

“மாமா, அந்த ஓங்கில் நம்ம வலையிலதானே செத்துச்சு?”

அம்மா கையில் இருந்த சேலையைக் கீழே போட்டாள். அவளுக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாமா வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

“வலை கனத்துச்சு. பெரிய மீனுன்னு நெனச்சு இழுத்தேன். மேல வரும்போதே உசுரு இல்ல. குட்டி வத்தையச் சுத்திச் சுத்தி வருது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அறுத்துக் கல்லக் கட்டி எறக்கிட்டேன். அதுவும் வத்தைக்குப் பின்னாலயே பாதி தூரம் வந்துச்சு.” பிறகு, “அந்தக் குட்டி இப்ப வருதா?” என்று கேட்டார்.

“வரல மாமா.”

அவர் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார்.

களஞ்சியம் அண்ணனுக்கு வேலை போனதைச் சொன்னேன். அது யாருடைய கயிறு என்று அவருக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். மாமா வாளியை விட்டு எழுந்தார்.

“நாளக்கழிச்சு நானே போயிச் சொல்லிடுறேன். ஆனா ஒண்ணு. எடம் நீ சொல்லல. நானா அவங்க போட்டுக்குப் பின்னாலயே போயிப் பாத்தேன். புரியுதா?”

“மாமா, நான்தானே...”

“நீ ஒண்ணும் சொல்லல. சின்னப் புள்ள வாயில வந்தத நான் கேட்டதே தப்பு.”

அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். “பத்தாவது படிக்கப் போற பொம்பளப் புள்ளடி. ஒம் பேரு இதுல வந்துச்சுன்னா வாத்தியாருங்க என்ன நெனப்பாங்க? நீ வாயே தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். பண்ணும்போது உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். களஞ்சியம் அண்ணனுக்கு வேலை கிடைத்துவிடும், என் பேரும் வராது என்று நினைத்தேன். மாமாவுக்கு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை.

மே 22, வியாழன்

மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கோவிலுக்குப் போடும் சட்டை. மிஸ்ஸின் முன்னறையில் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வனத்துறை அதிகாரி ஒருவர் இருந்தார். களஞ்சியம் அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் என் வழக்கமான மூலையில், தாள்கள் வைத்திருக்கும் மேசைப் பக்கம் இருந்தேன்.

மாமா எல்லாவற்றையும் சொன்னார். தீவை ஒட்டி வலை போட்டது, வலையை அறுத்தது, கல்லைக் கட்டியது. இடம் எப்படித் தெரிந்தது என்று மிஸ் கேட்டார்.

“ஆறாந்தேதி போட்டுக்குப் பின்னாலயே வந்தேம்மா. தூரத்துலேருந்து பாத்தேன்.”

மிஸ் களஞ்சியம் அண்ணன் பக்கம் திரும்பினார். “பின்னால ஒரு வத்தை வந்தது உங்களுக்குத் தெரியவே இல்லையா?”

இதை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மாமாவும் நினைத்திருக்க மாட்டார். அறையில் எல்லாரும் களஞ்சியம் அண்ணனைப் பார்த்தார்கள். முப்பது வருடமாகக் கடலில் படகு ஓட்டுகிறவர் அவர். பின்னால் ஒரு கடற்காகம் மிதந்தால்கூடச் சொல்லிவிடுவார்.

அவர் மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பேன் என்று எனக்கே தோன்றியது. திறக்கவில்லை. அம்மாவின் தலையில் வைத்த சத்தியத்தால் அப்படி ஆகவில்லை. பயத்தால் ஆனது.

“தெரியலம்மா” என்றார் களஞ்சியம் அண்ணன்.

“இனிமேலாவது கவனமா இருங்க. நாளையிலேருந்து வாங்க.”

மாமாவின் வலையையும் என்ஜினையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வழக்கு உண்டு என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியில் மாமா, “முடிஞ்சுது போ. கஞ்சி இருக்கான்னு பாரு” என்றார்.

மே 24, சனி

களஞ்சியம் அண்ணன் படகு ஓட்டுகிறார். எல்லாம் பழையபடி இருக்கிறது என்று யாராவது பார்த்தால் சொல்வார்கள். அவர் என்னை ரைட்டரம்மா என்று கூப்பிடுவதில்லை. தாள் காற்றில் பறந்தபோது எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்க்கிறார். மிஸ் சொன்னதற்காகப் பார்க்கிறார்.

மதியம் சாப்பிடும்போது மிஸ் என் தோளில் கை வைத்தார். “உன்னோட சொந்த மாமா விஷயத்துலகூட நீ ஒரு எண்ணை மாத்தி எழுதல. பால் இருந்துச்சுன்னு அன்னைக்கு எழுதினியே, எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். நேர்மையான பொண்ணு நீ. அடுத்த வருஷமும் நீதான் எழுதணும்.”

துளசிமணி அக்கா கை தட்டினாள்.

என் வாயில் சோறு இருந்தது. என்ஜின் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த களஞ்சியம் அண்ணன் தூக்குச்சட்டியை மூடி வைத்துவிட்டுக் கை கழுவினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மே 25, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றேன்.

மாமா நாளை முதல் வேறு ஒருவருடைய படகில் கூலியாளாகப் போகிறார். அம்மா பேச்சோடு பேச்சாக, “ஓங்கிலப் பாக்கப் போன நேரம்” என்றாள். பிறகு நான் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

மே 28, புதன்

கணக்கெடுப்பு இன்றோடு முடிந்தது. சாயங்காலம் மிஸ் எல்லாத் தாள்களையும் என் முன்னால் வைத்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும், பதிவு செய்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். “உன் பேர்தான் இதுல நிக்கும்” என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் பக்கத்து மேசையில் படங்களுக்குப் பேர் வைக்கத் தொடங்கினார்.

ஏப்ரல் மாதத் தாள்களை வேகமாக முடித்தேன். மே ஒன்று, இரண்டு, மூன்று. மே ஆறில் பேனா நின்றது.

மனோலித் தீவுக்குத் தெற்கே. கூட்டத்தில் 7. குட்டி 1. பதினேழு உண்டு. இடத்தின் எண்கள். எல்லாமே என் கையெழுத்தில் அழகாக இருந்தன. இதில் பொய் ஒன்றுமில்லை. கீழே கையெழுத்துப் போட்டால் அதுவும் பொய் ஆகாது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அதனால்தான் என்னால் போட முடியவில்லை.

கீழே காலியாக இருந்த இடத்தில் எழுதினேன்:

“இந்த இடத்தை அன்று மாலையே என் மாமாவிடம் நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அவர் படகைப் பின்தொடரவும் இல்லை. களஞ்சியம் அண்ணன் மீது எந்தத் தவறும் இல்லை.”

அதற்கு அடியில் பெனிட்டா என்று போட்டேன். எழுந்துபோய் மிஸ்ஸின் முன்னால் வைத்தேன்.

மிஸ் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“தேதி போடு” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“பழைய தாள்ல இன்னைக்கு எழுதினா இன்னைக்குத் தேதி போடணும். இல்லேன்னா அன்னைக்கே சொன்ன மாதிரி ஆயிடும்.”

போட்டேன். மே 28. அந்த இரண்டு தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம்.

“மீதித் தாளையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ” என்றார். முடித்தேன். அதுவரை அவர் ஒரு படத்துக்கும் பேர் வைக்கவில்லை. கணினியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது, அடுத்த வருடம் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வாசலில் களஞ்சியம் அண்ணன் காலி டீசல் கேன்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான்தான் சொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“சரி” என்றார். கேன்களைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பத்தடி போன பிறகு நின்றார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். கயிறு தோளில் அழுத்தியிருக்கிறது. இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் மாமா கூலிக்குப் போய்வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். நிலைப்படியில் நின்றபடியே சொன்னேன். உள்ளே வந்தால் சொல்ல மாட்டேன் என்று பயமாக இருந்தது.

அம்மா மாவுக் கையோடு வந்து என் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அவளே உட்கார்ந்து அழுதாள். மாமா அவளைத் தடுக்கவும் இல்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை.

“அப்ப நான் சட்டை போட்டுக்கிட்டுப் போயி அவ்வளவு பேரு முன்னால சொன்னது பொய்யின்னு ஆயிடுச்சு” என்றார்.

“ஆமா மாமா.”

“ஒனக்காகத்தானே அந்த ஒரு பொய்யச் சொன்னேன்.”

அவர் எண்ணெய் தேய்க்காத தலையைத் தடவிக்கொண்டார்.

“திரும்பக் கூப்பிடுவாங்க. இந்த வாட்டி நீயும் வரணும்.”

“வாரேன்.”

“பயமா இருக்கா?”

“இருக்கு மாமா.”

“எனக்கும்தான்” என்றார்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா எழுந்து எங்கள் இரண்டு பேருக்கும் தட்டு வைத்தாள்.